சாட்சிக் கூண்டில் மகாவம்சம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் போய், தமிழக அரசு முத்திரையில் இருப்பது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்லிப் பாருங்கள். அது எங்கள் ஊர்க் கோபுரமாக்கும் என்று, நீட்டிய பால்கோவாவைத் திருப்பி வாங்கிக்கொள்வார். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணராவே மதுரைக் கோபுரம் என்றுதான் சொன்னார். சொன்னால்? வரைந்தவருக்கு என்ன தெரியும்! பக்கத்து ராஜபாளையத்துக்காரர் வழக்கை இன்னும் சுருக்கமாக முடிப்பார்: முத்திரை வந்த 1949இல் சென்னை மாகாணத்தின் முதல்வராக உட்கார்ந்தவர் எங்கள் ஊர் பி.எஸ்.குமாரசாமி ராஜா, அப்புறம் வேறெந்தக் கோபுரம் வரும்? இந்தப் பக்கத்தில் வாதியே நீதிபதி, நீதிபதியே சரித்திர ஆசிரியர்.

நிஜமாகவே நீதிபதியாகவும் சரித்திரப் பித்தராகவும் இருந்த ஒருவர் இங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மதுரையில்தான் வளர்ந்தார். பெயர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன். 1775இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அப்பா சாமுவேலுக்குக் கம்பெனியில் பட்டுவாடா உத்தியோகம். பையனுக்குத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி எல்லாம் வந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் சுவார்ட்ஸ் பாதிரியாரும் தாமஸ் மன்றோவும் உண்டு. இப்படி ஒரு டியூஷன் இன்றைக்கு எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடைக்காது. பதினொரு வயதில் குதிரைப்படையில் ஒரு பதவியும் கிடைத்தது. சிபாரிசு என்ற சமாச்சாரத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட வேண்டாம்.

அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். 1767இல் ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கொல்லங்கொண்டானையும் சேத்தூரையும் தாக்க வந்தவர் டொனால்டு கேம்ப்பெல். 1783இல் பாஞ்சாலங்குறிச்சியை முடித்த கையோடு சிவகிரிக்கு வந்தவர் கர்னல் ஃபுல்லார்ட்டன். சிவகிரிப் பாளையக்காரர் மேற்கு மலைக்காட்டுக்குள் போய்விட்டார். ஃபுல்லார்ட்டன் ஊர் திரும்பி இந்திய விவகாரங்கள் பற்றிப் புத்தகம் போட்டார். மலைக்குப் போனவர் புத்தகம் போடவில்லை. அதனால் சரித்திரம் கர்னல் பக்கமே இருக்கிறது. ராஜபாளையம் நாயிடம் ஒரு வாக்குமூலம் வாங்கியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

பையனின் அம்மா ஹெஸ்டர் நேப்பியர் குடும்பத்துப் பெண். 1614இல் மடக்கை என்னும் லாகரிதத்தை வெளியிட்டுப் பிற்காலப் பள்ளிப் பிள்ளைகளின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஜான் நேப்பியரின் வம்சம். அந்த மூதாதையின் வாழ்க்கையை எழுத ஹெஸ்டரின் அப்பா ஆசைப்பட்டார். இந்தியர்களுக்கு முன்பே இந்தக் கணக்கு தெரியுமா என்று விசாரிக்க காலின் மெக்கன்சி என்ற இளைஞரைப் பிடித்தார். எழுத வேண்டியவர் 1773இல் காலமாகிவிட்டார். விசாரிக்க வேண்டியவர் பத்து வருஷம் கழித்து, 1783இல் இந்தியா வந்து சேர்ந்தார். அரசாங்க வேகம்தான். ஹெஸ்டர் அவரை மதுரைக்கு அழைத்துப் பண்டிதர்களிடம் அறிமுகப்படுத்தினார்.

லாகரிதம் கிடைத்ததாகத் தகவல் இல்லை. கிடைத்ததெல்லாம் கதைகள். மெக்கன்சி கணக்கை மறந்துவிட்டுக் கதை சேர்க்க ஆரம்பித்தார். சாகும்போது அவரிடம் 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள், மூட்டை மூட்டையாய்ச் சுவடிகள். பாளையக்காரர் வம்சாவளிகளும் அதில் குவிந்தன. அவற்றில் பலவற்றைப் படித்தால் மூதாதை ஒருவர் ராஜா எதிரில் யாரும் செய்யாத ஒரு சாகசம் செய்திருப்பார். ராஜா மெச்சிப் பட்டமும் நிலமும் கொடுத்திருப்பார். அத்தனை சாகசத்தையும் பார்த்துக் கைதட்டிய ராஜாக்களுக்கு ஆட்சி செய்ய எப்போது நேரம் கிடைத்தது என்று தெரியவில்லை.

பையன் 1792இல் ஐரோப்பா போனான். வக்கீலுக்குப் படி என்று பிரிட்டிஷ் அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் சொன்னாராம்; படித்தான். 1811இல் இலங்கையின் தலைமை நீதிபதி. இனி மரியாதையாகவே பேசுவோம்.

அங்கே அவர் ஜூரி முறையைக் கொண்டுவந்தார். பதின்மூன்று பேர் உட்கார வேண்டும். ஜூரிப் பட்டியலில் சாதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் அந்த ஜூரிகளிடமே பேசிப் பேசி, 1816 ஆகஸ்ட் 12 முதல் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அந்தத் தேதி இளவரசர் ரீஜன்ட்டின் பிறந்தநாள். நல்ல காரியத்தையும் தலைவர் பிறந்தநாளில் வைத்தால்தான் நடக்கும் என்ற ஞானம் மதுரை வளர்ப்பின் பலனாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரித்திரத்தில் செய்ததைக் கிண்டல் செய்யாமல் விட முடியாது. தீவின் சட்டத்தை ஒழுங்குபடுத்த அதன் வரலாறு தெரிய வேண்டும் என்று நினைத்தார். நியாயமான நினைப்பு. புத்த பிக்குகளிடம், உங்களிடம் இருப்பதிலேயே நம்பகமான நூல்களைக் கொடுங்கள் என்றார். மகாவம்சம், ராஜரத்னாகரம், ராஜாவலி மூன்றும் வந்தன. தேர்ந்த பிக்குகள் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிரதிகள். ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் பார்த்த பத்திரம் மாதிரி சுத்தம். அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமாக்கினார்கள். ஒரு பாதிரியார் திருத்தினார். எட்வர்ட் அப்ஹாம் பதிப்பித்தார். இவர் எக்ஸிட்டர் நகரத்தில் புத்தகக் கடை நடத்தி மேயராகவும் இருந்தவர். 1833இல் மூன்று தொகுதிகள் வெளிவந்தன.

இலங்கையிலேயே பிறந்து அங்கேயே அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி படித்தவர், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். மகாவம்சம் என்று அச்சாகியிருந்தது பாலி மூலமே அல்ல; சிங்களத்தில் யாரோ சுருக்கியும் பெருக்கியும் சொன்னதன் ஆங்கிலம். பிழைகளைப் பட்டியல் போட்டுக் கிழித்துவிட்டு, 1837இல் மூலத்திலிருந்து தாமே மொழிபெயர்த்து வெளியிட்டார். அப்ஹாம் 1834லேயே இறந்துவிட்டதால் மேல்முறையீடு இல்லை. முத்திரை, கையெழுத்து, சாட்சி எல்லாம் சரியாக இருந்த வழக்கில் ஆள்தான் மாறிவிட்டிருந்தது.

இதற்கு முன்பே ஜான்ஸ்டன் லண்டன் திரும்பி, 1823இல் ஆசியக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவராகிவிட்டார். 1832இல் பார்லிமென்ட் கமிட்டி முன் சாட்சி சொல்லப் போனார். மெக்கன்சி எப்படி இந்தியா வந்தார், அம்மா எப்படி மதுரைக்கு அழைத்தார், பண்டிதர்களோடு என்ன பேச்சு நடந்தது என்றெல்லாம் அங்கே விவரித்தார். நான் மேலே சொன்ன லாகரிதக் கதைக்கு முக்கியமான ஆதாரம் அந்தச் சாட்சியம்தான். அதற்குப் பிறகு மெக்கன்சியைப் பற்றி எழுதியவர்களெல்லாம் அதை வாங்கி எழுதினார்கள், நானும்தான். குறுக்கு விசாரணைக்கு யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை. மெக்கன்சி வந்திறங்கிய வருஷத்தில் சாட்சிக்கு வயது எட்டு.