உப்பு நீரும் ஓங்கியடித்த பந்தும்: லெமிங்டன் ஸ்பா டென்னிஸ் கழகத் தோற்றம் குறித்து ஓர் ஆய்வு

புல்தரை டென்னிசுக்கென்றே உலகில் முதலில் எழுந்த கழகம், இங்கிலாந்தின் வாரிக்‌ஷயரில் உள்ள லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரில் எழுந்தது. ஆண்டு 1872 என்பர் ஒரு சாரார். 1874 என்பர் மற்றொரு சாரார். ஆண்டுக்காக மல்லுக்கு நிற்கும் இருவரும் காரணத்தைத் தேடினாரல்லர். அக்குறை இக்கட்டுரையால் நீங்கும்.

முதற்கண் நீரியல். அவ்வூர் ஊற்று நீர் உப்புக் கரிக்கும். அதைக் குவளை குவளையாகக் குடிக்கவே சீமான்களும் சீமாட்டிகளும் அங்கு வந்தனர். அவர்களுக்காக 1814இல் பம்ப் ரூம்ஸ் என்ற கட்டடம் திறக்கப்பட்டது. 1838இல் விக்டோரியா அரசி ஊர்ப்பெயருக்கு முன் 'ராயல்' என்று சேர்த்துக்கொள்ள இசைவளித்தார். அரச மதிப்புப் பெற்ற அந்நீரின் தலையாய குணம் மலமிளக்குதல். இளகிய நோயாளி தன் அறையைவிட்டு அகலான். அகலாதவன் மருத்துவரைத் தேடி வரான். வராதபோது மருத்துவருக்கு மாலைப்பொழுது மிஞ்சும். இதற்கு 'இளகு ஓய்வுக் கோட்பாடு' எனப் பெயரிடுகிறேன்.

கழகம் கண்டவர் நால்வர். ஹாரி ஜெம், வழக்கறிஞர். அகுரியோ பெரேரா, வணிகர். பெயரைக் கண்டு இலங்கையின் நீர்கொழும்பில் வேர் தேடுவோர் ஏமாறுவர், அவர் ஸ்பெயின்காரர். மற்ற இருவர் ஹெயின்ஸ், டாம்கின்ஸ். இவ்விருவரும் அவ்வூர் வார்னஃபோர்ட் மருத்துவமனை மருத்துவர்கள்! மேனர் ஹவுஸ் ஓட்டலின் புல்வெளியில் நால்வரும் ஆடினர். சரிபாதி மருத்துவர் என்பதைத் தற்செயல் எனத் தள்ளுவோரிடம் ஆய்வு மனம் இல்லை என்க.

இனித் தடைகளும் விடைகளும்.

தடை: ஜெம்மும் பெரேராவும் 1860களிலேயே பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டனில், பெரேரா வீட்டுப் புல்வெளியில் இதே ஆட்டத்தை ஆடினரே? அங்கே உப்பு நீர் ஏது?

விடை: இருவர் ஆடினால் ஆட்டம். நால்வர் கூடினால்தான் கழகம். தலைவர், செயலாளர், பொருளாளர் போக, குறை சொல்ல ஒருவர் மிஞ்ச வேண்டுமன்றோ? அந்த மிச்சத்துக்கு உப்பு நீரே காரணம்.

தடை: பாத், செல்ட்டன்ஹாம் ஆகிய ஊர்களிலும் மருந்து நீர் உண்டு. அங்கே ஏன் முந்தவில்லை?

விடை: அங்கெல்லாம் மருத்துவர் இருந்தனர், ஜெம் இல்லை. பந்து கோட்டுக்கு உள்ளா வெளியா என்பது வழக்கு. வழக்கறிஞர் இல்லாத இடத்தில் அது சண்டையாகவே நின்றுவிடும், விதியாக முதிராது.

தடை: டென்னிசைத் தந்தவர் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு அல்லரோ?

விடை: அவர் தந்தது பெட்டி. 1874இல் காப்புரிமை பெற்று, வலையும் மட்டையும் பந்தும் அடங்கிய பெட்டியை 5 கினிக்கு விற்றார். ஆட்டத்துக்கு 'ஸ்பைரிஸ்டிகே' என்ற கிரேக்கப் பெயரை இட்டார். வாயில் நுழையாத பெயர் ஊரில் நிலைக்குமா? களமோ உடுக்கை வடிவம், நடுவில் இடுப்புச் சிறுத்தது. அந்த இடுப்பு நாலு ஆண்டுகூடத் தாங்கவில்லை: 1877இல் விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தபோது களம் நீள்சதுரம். அப்போட்டியும் புல்தரையைச் சமன்செய்யக் குதிரை இழுக்கும் உருளையைப் பழுது பார்க்கக் காசு திரட்டவே நடந்தது என்பதால், விளையாட்டு வரலாற்றை வீரரிடம் தேடுவது வீண்வேலை என்ற என் பழைய ஐயம் வலுக்கிறது.

புல்வெட்டும் எந்திரத்துக்கு எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்றார், சார்லஸ் குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் பெற்றார். இவை இன்றேல் புல்லில் பந்து துள்ளாது என்பர் சிலர். உண்மையே. ஆயினும் புல்லும் ரப்பரும் நாடெங்கும் கிடைத்தன. இளகிய நோயாளிகள் கிடைக்கவில்லை.

இக்கோட்பாட்டை ஏற்க மறுக்கும் அறிஞர், எழுத்தால் மறுக்க வேண்டா. அந்நீரில் இரண்டு குவளை குடித்துவிட்டு, களத்தைவிட்டு ஓடாமல் ஒரு செட் முழுதும் ஆடிக் காட்டுக.