நாங்களும் ஹோட்டல் முதலாளிகள்தான்

எல்லயிலிருந்து பசறைக்கு வரும் ரோட்டோரம் தேயிலைக்கு நடுவே விடுதிகள் முளைத்திருக்கின்றன. அவற்றுக்கு விலாசம் உண்டு: பசறை ரோட், எல்ல. பெர்லினில் இருப்பவன் கைபேசியைத் தட்டி அறை பிடித்துவிடுவான். அதே ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், பாட்டன் காலத்திலிருந்து லயத்தில் கிடப்பவனுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கிடையாது. அவன் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். தொரைமார் மனம்வைத்தால் லயத்துக்கும் வரும்.

பரிதாபப்பட வேண்டாம். காலையில் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறாளே ஒருத்தி, அவள் சாதாரண ஆளில்லை, ஹோட்டல் முதலாளி. அதுவும் எல்லயில் ரெண்டு அறை போட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுடும் சில்லறை வியாபாரமல்ல. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்து நாற்பது மாடிக்கு மேல் நிற்கிறதே கிராண்ட் ஹயாட், அதில் அவளுக்குப் பங்கு இருக்கிறது. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செலிங்கோ குழுமம் தொடங்கி அந்தரத்தில் விட்ட கட்டடம் அது. 2011இல் அரசாங்கம் சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. கட்டி முடிக்க கென்வில் ஹோல்டிங்ஸ் என்றொரு கம்பெனி. காசு போட்டவர்கள் யார்? அரசாங்க இன்சூரன்ஸ் கூட்டுத்தாபனம், லிட்ரோ காஸ், அப்புறம் நாங்கள். ஆமாம், ஊழியர் சேமலாப நிதி, ஈபிஎஃப். அதிலிருந்து போனது 500 கோடி ரூபாய்.

ஈபிஎஃப் என்றால் என்னவென்று மந்திரிமாருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாய் தொழிலாளியிடம் பிடிக்கப்படும், முதலாளி பன்னிரண்டு போட வேண்டும். அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மழையில் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்தபின் கையில் கிடைக்கும் காசு. அந்தக் காசுக்குக் காவல் மத்திய வங்கி. காவல்காரர் அதைக் கொண்டுபோய்ச் சொகுசு ஹோட்டலில் போட்டார். ஹயாட் கொடுப்பது பெயர். பணம் எங்களுடையது, நட்டமும் எங்களுடையது. 2023 மார்ச்சில், விற்கப்போகும் நிறுவனங்களின் பட்டியலில் அமைச்சரவை இதையும் சேர்த்தது. அன்றைக்கும் அங்கே ஒரு விருந்தாளிகூடத் தலைசாய்த்திருக்கவில்லை.

அதே வருடம் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை, தொட்டால் நொந்துவிடுமாம். சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம் ‘முறிகளை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதம்’ என்றார்கள். ரோட்டில் கத்தியைக் காட்டி இதைச் செய்தால் பொலிஸ் பிடிக்கும்.

பெரிய ஆட்களுக்கு நடப்பது வேறு. மூலோபாய அபிவிருத்தித் திட்டங்கள் சட்டம் என்று 2008இல் ஒன்று வந்தது. பெரிய முதலீட்டாளருக்கு 25 வருடம் வரை வரிவிலக்கு. 2019இல் ஈஸ்டர் குண்டு வெடித்ததும் சுற்றுலாத் தொழிலின் கடன்களுக்குத் தவணை நிறுத்தி வைத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பிள்ளைகள் அங்கேதான் படுக்கை விரிக்கிறார்கள். ஆனால் லயத்துப் பெண் வாங்கிய நுண்கடனுக்கு ஆள் வாசலில் வந்து நிற்கும்போது, எந்த அரசாங்கம் குறுக்கே வந்தது?

எல்லயும் பசறையும் இருக்கும் இதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தைக்கு மண்சரிவு எச்சரிக்கை 2005இலும் கொடுத்தார்கள், 2011இலும் கொடுத்தார்கள். எழும்பிப்போக ஒரு துண்டு நிலம் கொடுக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. கொழும்பில் ஹோட்டலைத் தூக்கி நிறுத்தச் சட்டமும் காசும் கிடைத்த அதே காலம்தான் இது.

ஹோட்டல் தொழிலுக்கு அரசாங்கம் உதவத்தான் வேண்டும். ரோட்டைப் போடட்டும், வளைவில் வேலி கட்டட்டும், தண்ணீர் கொடுக்கட்டும், சரியும் மலையில் கட்டடம் கட்ட அனுமதி கொடுக்காமல் இருக்கட்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கட்டும். இதற்கெல்லாம் கிழவிகளின் பென்சன் காசு தேவையில்லை.

மத்திய வங்கி ஆளுநர் அவர்களே, கொள்ளுப்பிட்டிக் கட்டடத்தை அரசாங்கம் யாருக்காவது விற்றுக்கொள்ளட்டும். விற்ற காசில் முதலில் எங்கள் 500 கோடியையும், இத்தனை வருட வட்டியையும் அவரவர் கணக்கில் போடுங்கள். விலாசம் இல்லையே, எங்கே அறிவிப்பது என்று கேட்காதீர்கள். பிடித்த காசுக்கு எங்கள் அங்கத்துவ இலக்கம் எல்லாம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது.