பில் கட்டுறது யாருங்க?

கே: ராத்திரி ஷிப்ட் முடிந்து கீரணத்தத்திலிருந்து வீடு வர மணி ஒன்றாகிறது. காலை 5 மணிக்கு எழுந்து படிக்க அலாரம் வைக்கிறேன், அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன். எனக்கு மன உறுதியே கிடையாதா? (ஐ.டி. ஊழியர், சரவணம்பட்டி)

ப: உறுதி இல்லாதவர் அலாரமே வைக்கமாட்டார். ஒரு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ரீல்ஸ் பார்த்து, இரண்டரைக்குக் கண்ணை மூடுகிறவரை 5 மணிக்கு எழுப்ப உறுதி போதாது, தீயணைப்பு வண்டிதான் வரவேண்டும். விடியற்காலையில்தான் படிக்கவேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை. பத்து மணிக்குப் படியுங்கள். ஆனால் தினமும் அதே பத்து. போனை மட்டும் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள்.

கே: ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டியும் போகவில்லை. பணம் வீணா? (வாசகர், விளாங்குறிச்சி)

ப: நீங்கள் கட்டியது அட்வான்ஸ். பாக்கியைச் சாயங்கால நேரமாகக் கட்டவேண்டும். சத்தி ரோடு டிராபிக்கில் நின்று வீடு சேர்கிறவருக்கு அது பெரிய தொகைதான். ஆபீஸ் போகும் முன்னால் அரைமணி நேரம் நடந்துவிடுங்கள்.

கே: ஜி.டி.நாயுடு பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்தானே? நானும் கல்லூரியை விட்டுவிடலாமா? (மாணவர், சின்னவேடம்பட்டி)

ப: விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், மீதியை யார் எடுத்துக்கொள்வது? கலங்கலில் பிறந்த அந்தப் பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மேல் மனசு போனது. கையில் காசில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தார். இன்றைக்கு அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கு அவர் பெயர்.

நீங்கள் எதைக் கழற்றிப் பார்ப்பதற்காகக் கல்லூரியை விடுகிறீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள், பேசலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை வகுப்பில் போய் உட்காருங்கள்.

கே: உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கு லட்சியம் எதற்கு? எனக்கு மூட்டுவலி. (வாசகி, கணபதி)

ப: டாக்டர் கோ.வெங்கடசாமி பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆசையை அவர் விட்டுக்கொடுத்தார், அதையும் கவனியுங்கள். பிறகு கண் மருத்துவம் படித்தார். அதே விரல்களை முதலில் பேனா பிடிக்கவும், அப்புறம் அறுவைக் கத்தி பிடிக்கவும் பழக்கினார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள்! ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. நம் கோவையிலும் இருக்கிறது. உங்கள் மூட்டு எதற்கு இடம் தருகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மிணி.

கே: நாலு போட்டால்தான் பையனுக்குக் கட்டுப்பாடு வருமா? (தந்தை, கோவில்பாளையம்)

ப: நீங்கள் வீட்டில் இருக்கும்வரை வரும். நீங்கள் கோவில்பாளையம் தாண்டியதும் போய்விடும்.

கே: சொந்தத் தொழில் தொடங்க ராப்பகலாக உழைக்கிறேன். வீட்டில் தினமும் சண்டை. பெரிய காரியம் செய்கிறவன் குடும்பத்தைப் பார்க்கமுடியுமா? (பட்டறை உரிமையாளர், சரவணம்பட்டி)

ப: நம் ஊர் முருகானந்தம் கதையை முழுசாகச் சொல்கிறேன். 1998-இல் கல்யாணம். மாதவிடாய்க்கு மனைவி சாந்தி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தார். மலிவாக நாப்கின் செய்துவிடலாம் என்று பஞ்சை வைத்து முயன்றார், சரிவரவில்லை. சோதித்துப் பார்க்கப் பெண்கள் யாரும் முன்வராததால், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் கண்டபடி பேசியது. சாந்தி பிரிந்து போனார். பெற்ற தாயும் போய்விட்டார். உள்ளே இருக்கவேண்டியது மரக்கூழ் என்பதைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கானது. கடைசியில், எளிய பெண்கள் கூடிச் செய்யக்கூடிய சின்ன இயந்திரத்தை உருவாக்கினார். சாந்தியும் திரும்பி வந்தார். 2016-இல் பத்மஸ்ரீ.

அவரை நான் கும்பிடுகிறேன். ஆனாலும் விருதில் இருப்பது ஒரு பெயர், பில்லைக் கட்டியவர்கள் மூன்று பேர். தனியாக வாழ்ந்த அந்த ஆண்டுகளில் சாந்தி எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார்! அதை யாரும் பேசுவதில்லை, எனக்கு அது உறுத்துகிறது.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லைங்க. இன்று ராத்திரி வீட்டம்மாவிடம் உட்கார்ந்து, இன்னும் எத்தனை மாதம், எவ்வளவு பணம், வாரத்தில் எந்த நாள் பட்டறைப் பக்கம் போகமாட்டீர்கள் என்று பேசுங்கள். கேட்டு வாங்கினால் அவர் தருவது கொடை. கேட்காமல் எடுத்தால் திருட்டு.

கே: மூன்று வருஷமாக இங்கே ரூம் எடுத்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். சோமனூரில் அப்பா தறி ஓட்டிப் பணம் அனுப்புகிறார். எப்போது நிறுத்துவது? (வாசகர், சரவணம்பட்டி)

ப: அப்பா ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தறிமுன் நிற்கிறாரா? நீங்கள் எத்தனை மணி நேரம் புத்தகத்தின்முன் உட்காருகிறீர்கள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை தம்பி, கணக்குப் பார்க்கத்தான் கேட்கிறேன். பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தால் இன்னொரு முறை எழுதலாம். ஆறு மாதமாக அதே இடத்தில் நின்றால் வேலை தேடிக்கொண்டு, படிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த மதிப்பெண்களை அப்பாவிடம் காட்டுங்கள். பணம் போடுகிறவருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை இருக்கிறது.