பட்டாம்பூச்சிக்கு வெடி உண்டு, சிப்பிக்கு இல்லை: ஓர் ஆய்வு

விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரப் பட்டாசுகளில் ‘பட்டர்பிளை’ உண்டு. கடலின் சார்பில் சங்குச்சக்கரமும் உண்டு. இரட்டை ஓடு கொண்ட முத்துச்சிப்பிக்கு மட்டும் பேர் சொல்லும்படி ஒரு வெடி இல்லை. சங்கு பெருமாள் கையில் இருப்பதால் வந்த பெயர் அது, விலங்கியலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சங்கெடுத்த அதே கடலடியில், தூத்துக்குடிக்காரர்கள் ‘பார்’ என்று சொல்லும் பாறைத்திட்டுகளில், சிப்பியும்தான் கிடந்தது. சங்கு ஒற்றை ஓட்டு நத்தை. சிபாரிசு இருந்தது, ஏறிவிட்டது.

ஒப்பீட்டுக்கு, 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனையே எடுத்துக்கொள்வோம். மறவனின் ஆரஞ்சு நிறம் சிப்பிக்கு ஏது என்பது முதல் ஆட்சேபம். மறவனின் நிறம் செதில் தூளில் இருக்கிறது. தொட்டால் விரலோடு வந்துவிடும். சிப்பியின் உட்புறப் பளபளப்புக்குச் சாயமே வேண்டாம். சுண்ணாம்புப் பொருளின் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து, விழும் ஒளியைப் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பிரித்துக் காட்டுகின்றன. பச்சை ஒளிக்குப் பேரியம் உப்பை நம்பியிருந்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்ததும் திகைத்து நின்ற தொழில், உப்பில்லாமலே பச்சை காட்டும் இந்தப் பிராணியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிப்பி வாயை மூடிக்கிடக்கும் சோம்பேறி என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை நேர்மாறு: ஓடுகளை இணைக்கும் கீல்பட்டை எந்நேரமும் திறக்கவே தள்ளுகிறது, உள்ளிருக்கும் தசைதான் இழுத்து மூடிவைக்கிறது. தசை தளர்ந்தால் ஓடு பிளந்துகொள்ளும். சணல் சுற்றிய அணுகுண்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு எது?

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சம். மறவன் முதலில் புழுவாக ஊர்ந்து, கூட்டுக்குள் அடங்கி, கடைசியில் பறக்கிறான். பெட்டிக்குள் கிடந்து கடைசியில் கிளம்பும் வெடியும் அப்படியே. சிப்பி தலைகீழ்: குஞ்சுப் பருவத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் நீந்தித் திரிந்துவிட்டு, பிறகு நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றி உட்கார்ந்துவிடும். முதலில் பறந்து பிறகு உட்காரும் வெடியை யார் வாங்குவார் என்கிறார்கள். தீபாவளிதோறும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டிலை விட்டுச் சீறிப் போய், எதிர்வீட்டு மொட்டைமாடியில் குடியேறி, அடுத்த மழைவரை அசையாமல் கிடக்கும் ராக்கெட் குச்சி யாருடைய வாழ்க்கை வரலாறு? ஆகவே விஸ்வநத்தத்து உற்பத்தியாளர்கள் வரும் ஆண்டு விலைப்பட்டியலில் ராக்கெட்டுக்குச் ‘சிப்பி’ என்று பெயர் சூட்ட வேண்டும். லேபிளில் வழக்கமான நடிகை படம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.