வலப்பனைக்கு வெட்டுப்புள்ளி குறைவாம்

"உங்களுக்கென்னப்பா, நுவரெலியா மாவட்டம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி குறைவு." உயர்தரம் எழுதிய தோட்டத்துப் பிள்ளையைக் கண்டால் வெளியூர்க்காரர் யாராவது இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது முகத்தில் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவரின் களை வேறு.

அந்தப் பாக்கியசாலிக்குக் கெம்பஸ் கிடைக்குமா என்று நாமும் கணக்குப் பார்ப்போம். அந்த மாவட்டத்து வலப்பனைக் கல்வி வலயத்தில் ஒரு பிள்ளை என்று வையுங்கள். முதல் தடவை இரண்டு எஸ், ஓர் எஃப். இரண்டாம் தடவை மூன்று எஸ். மூன்றாம் தடவை இரண்டு சீ, ஓர் எஸ். ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஏற்றத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அங்கே பல கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்கின்றன. ஏன் கீழே தொடங்கினேன், எப்படி மேலே வந்தேன் என்று பிள்ளை கட்டுரை எழுதியும் கொடுக்கலாம். (காசுள்ளவன் அந்தக் கட்டுரைக்கும் ஆள் பிடிக்கிறான், அது வேறு கதை.)

நம் நாட்டில் கட்டுரை கேட்பாரில்லை. 2001 முதல் இசட் புள்ளிதான். நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியை உன் புள்ளியிலிருந்து கழித்து, மிச்சத்தை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுத்தால் வருவதுதான் நீ. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் போன வருடம் நீ 40 எடுத்தாய். நாட்டின் சராசரி 44, விலகல் 16. உன் இசட் -0.25. ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்து இந்த வருடம் 52 எடுத்தாய். கொழும்பும் கண்டியும் டியூஷனுக்குப் போகாமல் தூங்கவில்லையே! சராசரி 56 ஆகிவிட்டது, விலகல் அதே 16. உன் இசட் இப்போதும் -0.25. பன்னிரண்டு புள்ளி ஏறியதற்குக் கிடைத்தது பூச்சியம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு இரக்கத்துக்குப் பேர் போனதல்ல. அதற்குக்கூட அரைப்பேர் என்று ஒன்று தெரியும். குறித்த கிலோ வராவிட்டால் பாதி நாளையாவது எழுதும். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் அந்த அநியாய அரைப்பேர்கூட பிள்ளைக்குக் கிடையாது. மூன்று தடவை எழுதி முடித்தால் கணக்கு மூடியாயிற்று. நாலாவது தடவை எழுதிக் கெம்பஸ் கேட்க முடியாது.

ஆனால் கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். அது செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மறுபடி போட்டார்கள். தவறு செய்தவர்களிடம் யாரும் "இது உங்களுக்கு எத்தனையாவது தடவை?" என்று கேட்கவில்லை.

சரி, பிள்ளை ஏன் கீழே தொடங்கியது? 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை தோட்டத்தோடேயே கிடந்தது. அரசாங்கம் அதைக் கையேற்க எழுபதுகள் வரை ஆயிற்று. இன்றும் மலையகத்தில் உயர்தரம் உள்ள பாடசாலைகள் பல 1சி வகை. அங்கே கலை இருக்கும், வர்த்தகம் இருக்கும், விஞ்ஞானம் இருக்காது. "பிள்ளை கலைப்பிரிவைத் தெரிவு செய்தது" என்று படிவத்தில் எழுதுவார்கள். என்ன தெரிவு! ஆசிரியர் இல்லை என்ற கூச்சல் தாங்காமல் 2015 வாக்கில் ஆசிரிய உதவியாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். கத்திக் கத்தி அது 10000 ஆயிற்று. ஆசிரியரை அரைப்பேருக்கு எடுத்துவிட்டுப் பிள்ளையிடம் முழுப்பேர் கேட்கிற நாடு இது. 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்து ஆட்களும் வீடுகளும் போனபோது அந்த வருடம் படித்த பிள்ளைகளும் இங்கே இருந்தார்கள். நியம விலகலில் மண்சரிவுக்கு இடமில்லை.

"அதற்குத்தானே மாவட்ட ஒதுக்கீடு?" என்பார் நம் களை சொட்டும் நண்பர். வாருங்கள், அதையும் பார்ப்போம். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய பட்டியலிலும் உண்டு. 55 வீதத்தைச் சனத்தொகைப்படி பிரிக்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்துச் சனத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். ஆக, மாவட்டத்துக்கு இடம் வருவது இந்தத் தலைகளை எண்ணித்தான். வெட்டுப்புள்ளி தாழ்வது இந்தப் பிள்ளைகள் வாங்கும் குறைந்த புள்ளியால்தான்.

இப்படித் தலையையும் கொடுத்து, தோல்வியையும் கொடுத்து உண்டாக்கிய இடத்தில் உட்காருவது யார்? பெரிய ஊர்களில் டியூஷனுக்குப் போய்ப் படித்துவிட்டு, பரீட்சைக்கு மட்டும் நுவரெலியா விலாசத்தோடு வந்து இறங்குகிறவர்களைப் பற்றிய முறைப்பாடு இங்கே பழைய முறைப்பாடு. மூன்று வருடம் மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருந்தால் அதைச் சுற்றிக் குறுக்குப் பாதையும் இருக்கும். மலையில் இருக்கிறவனுக்கு அது தெரியாதா? கிராம சேவகரின் கையெழுத்தும் வரவு இடாப்பும் எப்படிப் பேசும் என்பது ஊர் அறிந்த ரகசியம். வருகிறவன் சிங்களவனா தமிழனா என்பதில் எனக்கு அக்கறையில்லை. தமிழன் என்று மேடையில் நம்மைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிள்ளையை மட்டும் நம் மாவட்டத்துப் பெயரில் பரீட்சைக்கு உட்கார வைக்கிற அண்ணன்மாரும் இதில் உண்டு.

தலைவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். மலையகப் பல்கலைக்கழகம்! தேர்தல் மேடையில் அடிக்கல் நாட்டாத குறைதான். நல்ல விஷயம், கட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. நுவரெலியா மாவட்ட ஒதுக்கீட்டில் கடந்த பத்து வருடங்களில் உள்ளே போனவர்களில் முதலாம் வகுப்பிலிருந்தே இந்த மாவட்டத்தில் படித்தவர்கள் எத்தனை பேர், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்களில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர் போடாமல் எண்ணிக்கையை மட்டும் பாராளுமன்றத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் ஒவ்வொருவரின் விண்ணப்பமும் இருக்கிறது, பாடசாலைப் பெயரும் இருக்கிறது. இசட் புள்ளியை நாலு தசம தானத்துக்குக் கணிக்கிறவர்களுக்கு முழு எண் ஒன்றை எண்ணிச் சொல்ல முடியாதா?