சில்க் பிரஸ் வாரம்

அட்லாண்டாவில் நான் போகிற ஜிம்மில் எனக்குத் துணை, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியான கறுப்பினத் தோழி. துணை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவள் வந்தால் நான் போவேன். அவள் வராவிட்டால் எனக்கும் லீவு. அவள் வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவளுடைய முடி. ஆக, என் எடை, என் சர்க்கரை, டாக்டர் எழுதிக்கொடுத்த வாரம் 150 நிமிட நடை எல்லாமே இன்னொருத்தியின் முடியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

"நேற்றுதான் சில்க் பிரஸ் பண்ணினேன். இந்த வாரம் வியர்க்கிறதாக இல்லை" என்பாள். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வேன்.

சில்க் பிரஸ் என்றால் ரசாயனம் போடாமல், சூட்டை மட்டும் வைத்துச் சுருள் முடியைப் பட்டாக நீட்டிவிடுவது. சலூன் நாற்காலியில் பாதிச் சனிக்கிழமை கரையும். பர்ஸும் கூடவே கரையும். சூட்டில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து நேராக நிற்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், பழைய சுருளுக்கே ஓடிவிடும். முதலில் கெடுவது நெற்றியோரம், அடுத்தது பிடரி. வியர்வை முதலில் கிளம்புவதும் அங்கேதான். படைத்தவன் இதையெல்லாம் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"வியர்த்தால் தலைக்குக் குளித்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டைச் சுற்றியபடியே தோசை வார்க்கிற வம்சத்தில் வந்தவள் வேறென்ன கேட்பாள்? அவள் பொறுமையாக விளக்கினாள். நெருக்கமான சுருளில் தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது. வளைவுக்கு வளைவு நின்றுவிடும். அதனால் முடி இயல்பிலேயே வறண்டிருக்கும். தினமும் ஷாம்பூ போட்டால் ஒடிந்து கையோடு வரும். எனவே வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 'வாஷ் டே'. சிக்கெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து அலசி, கண்டிஷனரில் ஊறவைத்து, மறுபடி அலசி, கிரீமும் எண்ணெயும் தடவி, காயவைத்து, இரவுக்குச் சாட்டின் தொப்பி போட்டு மூடவேண்டும். தீபாவளி எண்ணெய்க் குளியலை வருஷம் முழுக்க நடத்துவது மாதிரி. பலகாரம் மட்டும் கிடையாது. அரை மணி நேரம் ஓடியதற்கு அரை நாள் தண்டனை என்றால் எவள் ஓடுவாள்?

இதைச் சோம்பேறியின் சாக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அசல் சோம்பேறி. வித்தியாசம் எனக்குத் தெரியும். 2011-ல் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக, இருந்த ரெஜினா பெஞ்சமின், அவரும் கறுப்பினப் பெண், இதே அட்லாண்டாவில் பிரானர் பிரதர்ஸ் நடத்தும் முடிக் கண்காட்சிக்கே வந்து, முடிக்காக உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று பேசினார். அடுத்த ஆண்டு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 103 கறுப்பினப் பெண்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் முடியை நினைத்து உடற்பயிற்சியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். ஓடு என்று சொல்வது சுலபம். ஓடிவிட்டு, சுருண்ட முடியோடு மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் 'தலை சரியில்லையே' என்கிற பார்வையைத் தாங்க வேண்டியவள் அவள். முடியின் தன்மையையும் பின்னலையும் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று முதன்முதலில் கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019-ல்தான்.

விளையாட்டில் கொடிகட்டிப் பறந்தவர்களையும் இந்த முடித் தொல்லை விட்டதில்லை. 1999 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் வீனஸ் வில்லியம்ஸின் பின்னலிலிருந்து மணிகள் உதிர்ந்ததற்கு நடுவர் ஒரு புள்ளியைப் பிடுங்கிவிட்டார். அடர்ந்த முடியும் அடங்கும்படி செய்த 'சோல் கேப்' என்ற பெரிய நீச்சல் தொப்பியை, டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னால் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு ஏற்கவில்லை. தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லையாம். யாருடைய தலை என்று சொல்லவில்லை. 2022-ல் அனுமதித்துவிட்டார்கள், அதற்குள் தலைகள் வடிவம் மாறிவிட்டன போலிருக்கிறது.

என் தோழியிடம் ஒரு விக்கும் உண்டு. "இந்தியக் கோயில் முடியாம், உங்கள் ஊரா?" என்று ஒருநாள் கேட்டாள். திருமலையில் இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், கப்பலேறி விக்காகிறது என்பது உண்மைதான். எங்கள் அத்தை இடுப்பளவு முடியை அங்கே காணிக்கை கொடுத்தவர். அத்தை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அவர் முடி எந்த ஊர் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

இப்போது அவள் ஓர் அட்டவணை கண்டுபிடித்திருக்கிறாள். சில்க் பிரஸ் வாரத்தில் நெற்றியைச் சாட்டின் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, ஏசிக்கு நேர் கீழே பளு மட்டும். வாஷ் டேக்கு முந்தைய மாலையில் அவளைப் பிடிக்க முடியாது. எப்படியும் நாளை அலசப் போகிற தலை என்று வாரத்து ஓட்டத்தை மொத்தமாக ஓடித் தீர்ப்பாள். பின்னல் போட்டுவிட்டாலோ போச்சு. பாக்ஸ் பிரெய்ட் ஆறு, எட்டு வாரம் தாங்கும். மழை, வியர்வை, நீச்சல் குளம் எதற்கும் அசையாது. அத்தனை வாரமும் எனக்கு ஒருநாள்கூட லீவு கிடையாது.

போன வாரம் ஜூன் கடைசிக்குப் பின்னல் போட நேரம் வாங்கிவிட்டாள். ஜூலை 4-ல் பீச்ட்ரீ ஓட்டம், 10 கிலோமீட்டர், அட்லாண்டா வெயிலில். வாழ்த்துச் சொன்னேன். "உன் பெயரையும் கொடுத்திருக்கிறேன்" என்றாள். வேலை இருக்கிறது, முழங்கால் சரியில்லை, ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்று அடுக்கினேன். கடைசியில் வேறு வழியில்லாமல், "என் முடி கெட்டுப்போகுமே" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஜிம்மில் நாலு பேர் பளுவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.