வர்ஜீனியாவில் நமக்கு யார்?

சாயங்காலம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட பிறகு காந்தி சிலைப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். கூட நடக்கிறவர்கள் சர்க்கரை அளவையும் பேரனின் விசாவையும் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்து, "நேத்து இருபத்தாறு பேர் வந்திருக்காங்க, தெரியுமா?" என்பார். வீட்டுக்கா என்று கேட்டுவிடக் கூடாது. குடும்பத்துக்கென்று அவர் நடத்தும் இணையதளத்துக்கு.

அந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா. நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

இந்த ரகப் பெரியப்பா எல்லா ஊரிலும் உண்டு. என்றாலும் புதுச்சேரி மண்ணில் கொஞ்சம் செழிப்பாகவே விளைகிறார். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்ஸ் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர், கொடுக்காதவர், கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தே ஆறு மாதத்தைக் கழித்தவர் என்று ஒரே வீடு இரண்டு நாட்டுக்குப் பங்கு பிரிந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ் புறநகரிலும் ரெயூனியன் தீவிலும் குடியேறினார்கள். அவர்களையெல்லாம் சேர்த்துவைக்கத்தான் பெரியப்பா தளத்தைத் தொடங்கினார். தாத்தாவின் ராணுவ உடுப்புப் படம், பிரெஞ்சில் எழுதிய பிறப்புச் சான்று, மாசிமகத்துக்கு வைத்திக்குப்பத்தில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் வரிசையாக ஏறின.

பிறகு தம்பி மகன் ஒருவன், தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிச் சொல்லும் கூகுள் அனலிட்டிக்ஸை இணைத்துக் கொடுத்தான். அன்றோடு படம் ஏற்றுவது நின்றது.

பெரியப்பாவுக்கு அது மொய் நோட்டு. யார் வந்தார், யார் தலைகாட்டவில்லை, வந்தவர் பந்தியில் உட்கார்ந்தாரா வாசலோடு போய்விட்டாரா, எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆனால் மொய் நோட்டில் பெயர் இருக்கும். இங்கே ஊர் மட்டும்தான், அதையும் நம்ப முடியாது. தொலைத்தொடர்பு வட்டக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பார்க்கிற சித்தி, பல நாள் சென்னைக்காரியாகவே பதிவாகிறார். "சொல்லாம கொள்ளாம மெட்ராஸ் போயிருக்கா, என்ன விஷயம்?" என்று சித்தப்பாவுக்குப் போன் போகும். சித்தி அடுப்படியில் வஞ்சிரம் அலசிக்கொண்டிருப்பார்.

ஆஷ்பர்ன் கதைதான் பெரிது. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் அப்படி ஓர் ஊர் இருப்பதே கணக்கில் அது தலைகாட்டிய பிறகுதான் பெரியப்பாவுக்குத் தெரியும். வாரம் தவறாமல் அங்கிருந்து வருகை. நள்ளிரவில் வந்து, பதினைந்து பக்கத்தைத் திறந்து, எதிலும் ஒரு நொடி நிற்காமல் போய்விடும். பெரியப்பா வம்சாவளிப் படத்தை விரித்துவைத்துத் தேடினார். சண்டையில் ஒதுங்கிப்போன சின்ன பாட்டி வழியில் ஒரு பேரன் அமெரிக்காவில் இருப்பதாகக் கேள்வி. போதாதா? "பேச மாட்டாங்களே ஒழிய, பாசம் விட்டுப்போகுமா? ராத்திரி வந்து திருட்டுத்தனமாப் பாத்துட்டுப் போறான்" என்று கண் கலங்கினார். ஒருபடி மேலே போய், அந்தக் கிளையின் படங்களைத் தளத்திலேயே தேடி முதல் பக்கத்தில் வைத்தார்.

ஆஷ்பர்ன் உலகத்திலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கிற இடங்களில் ஒன்று. அங்கே கொட்டகை கொட்டகையாகக் கணினிகள்தான். தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைப் புரட்டுகிற எந்திரங்களின் முகவரி பல நேரம் அந்த ஊராகத்தான் விழும். தனக்குத் தெரிந்த எந்திரங்களை கூகுள் கழித்துவிடுகிறது. தெரியாதவை மனித வேஷத்தில் உள்ளே நுழைந்துவிடுகின்றன. இதைத் தம்பி மகன் விளக்கியபோது பெரியப்பா முழுதும் கேட்டார். "எந்திரமோ என்னமோ, பதினஞ்சு பக்கம் பாத்துதில்ல? உங்கப்பன் ஒண்ணு பாத்தானா?"

வந்த வழி என்ற பட்டியலில் 'டைரக்ட்' முதலிடத்தில் இருப்பது அவருக்குத் தனிப் பெருமை. யாரும் சொல்லாமல் உறவுக்காரர்கள் நேராக வருகிறார்களாம். வாட்ஸ்அப்பில் அவரே காலையும் மாலையும் தட்டிவிடுகிற இணைப்பை அழுத்தி வருகிறவர்களும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேர்வார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் கூடவே வராததால். ஐபோன் வைத்திருக்கும் அத்தை பத்து நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அனலிட்டிக்ஸ் வைக்கிற அடையாளக் குக்கீயை சஃபாரி ஏழு நாளில் துடைத்துவிடுவதால், அத்தை ஒவ்வொரு தடவையும் புது விருந்தாளி. குடும்பம் பெருகுகிறது என்று பெரியப்பா பூரிக்கிறார்.

நிஜமாகவே ஒரு வரி விடாமல் படிப்பவர் பாரிஸில் இருக்கும் தங்கைதான். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாகத் தகவல் அமெரிக்காவுக்குப் போவது அதற்குப் பொருந்தாது என்று பிரெஞ்சுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 பிப்ரவரியில் சொன்னது. அங்கிருக்கும் மருமகன் பயமுறுத்தியதில் தளத்திலும் அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று முளைத்தது. தங்கை சட்டம் அறிந்த பிரஜை, 'மறுக்கிறேன்' என்பதைத்தான் அழுத்துவார். ஆகவே அவர் வந்ததற்குச் சாட்சியே இல்லை. "ஒரு நாளாச்சும் வந்து பாத்தியா?" என்று அண்ணன் கேட்க, மூன்றாம் பத்தியில் அப்பா பெயர் தப்பாக அச்சாகியிருப்பதைத் தங்கை சொல்ல, அதையும் அவர் நம்பவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

தினம் மார்க்கெட்டுக்குப் பெரியப்பா போகிற தெருவுக்குப் பெயர் கொடுத்த, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார், யாருக்கு மரியாதையாக எத்தனை பீரங்கிக் குண்டு போட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அது வீட்டில் கிடப்பதை 1846-இல் பிரெஞ்சு அதிகாரி கலுவா மொம்ப்ரேன் கண்டெடுக்கும் வரை வெளியார் கண்ணில் படவில்லை. எண்பத்தைந்து வருடம் வருகை பூஜ்யம். கடற்கரையில் ஒரு நண்பர் இதைச் சொல்லித் தேற்றப் பார்த்தார். "அவருக்கு அனலிட்டிக்ஸ் இல்ல, தப்பிச்சார்" என்றார் பெரியப்பா.

போன மாதம் தம்பி மகன் வந்து ஒரு வேலை செய்தான். வீட்டு இணைய இணைப்பிலிருந்து போகும் வருகைகளைக் கழித்துவிடும்படி வடிகட்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் கணக்கு ஆறு.

"மிச்சம் இருபது பேர் எங்கடா?"

"அது பேர் இல்ல பெரியப்பா, அமர்வு. அரை மணி நேரம் சும்மா வெச்சிட்டுத் திரும்பத் தொட்டா புதுசா ஒண்ணு ஏறும். கணக்கு சரியா இருக்கான்னு நீங்க திறந்து திறந்து பாத்ததுதான் அந்த இருபது."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏண்டா, நான் இந்தக் குடும்பத்துல சேர்த்தி இல்லையா? எடுடா அந்த வடிகட்டிய."